சந்தையும் சங்கீதமும்
ஜெர்மானிய நகரங்களின் கிறிஸ்து பிறப்புக் காலம்: ஒரு வரலாற்று நோக்கு

டிசம்பர் மாதத்தில் லைப்சிக், டிரெஸ்டன், நியூரம்பர்க் ஆகிய ஜெர்மானிய நகரங்களுள் எதற்குச் சென்றாலும், பயணியின் கண்முன் மூன்று காட்சிகள் அருகருகே நிற்கும். மாலை ஐந்து மணிக்குள் இருள் கவிந்துவிட, நகரின் நடுச் சதுக்கத்தில் மரக்கடைகள் வரிசையாக விளக்கேற்றி நிற்கும். இஞ்சி ரொட்டியின் மணமும், கிராம்பும் பட்டையும் இட்டுச் சூடாக்கிய திராட்சரசத்தின் ஆவியும் குளிர்காற்றில் கலந்து வரும். கடைகளுக்கு மேலாக ஒரு பழைய ஆலயத்தின் கோபுரம் உயர்ந்து நிற்கும். சற்றுத் தொலைவில் இசைமன்றத்தின் வாயிலில் பாக், பீத்தோவன் ஆகியோரின் பெயர்கள் தாங்கிய அறிவிப்புகள் காணப்படும். சந்தை, ஆலயம், இசைமன்றம் ஆகிய இம்மூன்றையும் சில நாள் ஓய்வில் கண்டு களிக்கவே பல நாடுகளிலிருந்தும் மக்கள் இங்கு வருகின்றனர்.

இக்காட்சியைக் குறித்து நம் வட்டங்களில் இருவகைத் தீர்ப்புகள் எளிதாகக் கூறப்படுகின்றன. பண்டிகையை வணிகம் விழுங்கிவிட்டது, ஆலயம் வெறும் பின்னணிப் படமாகிவிட்டது என்பது ஒன்று. இதுவே கிறிஸ்தவப் பண்பாட்டின் சிறந்த மலர்ச்சி என்பது மற்றொன்று. முன்னது, ஒரு காலத்தில் தூய்மையான பண்டிகை ஒன்று இருந்தது என்றும் சந்தை பின்னர் புகுந்து அதைக் கெடுத்தது என்றும் எண்ணுகிறது. பின்னது, விளக்குகளுக்குக் கீழே கிடக்கும் நிழலைக் காணத் தவறுகிறது. வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டுவோமாயின் இவ்விரண்டும் நிலைநிற்பது அரிது என்பது புலனாகும். திருச்சபையும் சந்தையும் தொடக்கமுதலே ஒரே சதுக்கத்தைப் பகிர்ந்து வாழ்ந்தவை. எனவே, சந்தை ஏன் வந்தது என்பதன்று கேள்வி. அச்சதுக்கத்தில் திருச்சபை என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பதே கேள்வி.

1. சந்தையின் பிறப்பு

இச்சந்தைகள் பண்டிகையை அலங்கரிப்பதற்காகத் தோன்றியவை அல்ல. குளிர்காலத்தைக் கடப்பதற்கான தேவையிலிருந்து பிறந்தவை. பனி பெய்து பாதைகள் அடைபடுமுன் இறைச்சியும் மாவும் கம்பளியும் வாங்கி வைத்தாக வேண்டும். 1384-ஆம் ஆண்டில் பவுட்சன் நகருக்கு மன்னர் வென்செஸ்லாஸ் அளித்த உரிமை, கிறிஸ்து பிறப்பு நாள்வரை சனிக்கிழமைகளில் இறைச்சிச் சந்தை கூடுவதற்கானது. 1434-ஆம் ஆண்டில் சாக்சனியை ஆண்ட இரண்டாம் பிரெடரிக், டிரெஸ்டன் நகரில் கிறிஸ்து பிறப்புக்கு முன் ஒரே ஒரு நாள் சந்தை கூட்ட அனுமதி வழங்கினார். அதுவே இன்று பல வாரங்கள் நடைபெறும் 'ஸ்ட்ரீட்செல்மார்க்ட்' ஆகும். 1458-ஆம் ஆண்டில் அதே மன்னர் லைப்சிக் நகருக்குப் புத்தாண்டுச் சந்தை உரிமையையும் அருளினார். அந்நகரின் கிறிஸ்மஸ் சந்தையும் தன் தோற்றத்தை அவ்வாண்டிலிருந்தே கணக்கிடுகிறது.

டிரெஸ்டன் சந்தைக்குப் பெயரளித்த 'ஸ்ட்ரீட்செல்' என்பது 'ஸ்டோலன்' எனப்படும் நீண்ட ரொட்டியின் பழைய பெயராகும். இந்த ரொட்டியில் ஒரு திருச்சபை வரலாறே அடங்கியுள்ளது. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரங்கள் அக்காலத்தில் உபவாச காலம், வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தது. வட நாடுகளில் நல்ல எண்ணெய் கிடைப்பது அரிதாகையால், மணமும் சுவையுமற்ற எண்ணெயில் பிசைந்த ரொட்டியையே மக்கள் உண்டனர். சாக்சனி ஆட்சியாளர்கள் ரோமாபுரிக்கு விண்ணப்பித்தனர். 1491-ஆம் ஆண்டில் போப் எட்டாம் இன்னொசெந்து வெண்ணெயைப் பயன்படுத்த இசைவு தந்தார். ஆயினும் அதற்கு ஈடாகக் காணிக்கை செலுத்த வேண்டியிருந்தது. 'வெண்ணெய்க் கடிதம்' என்று வரலாற்றில் வழங்கப்படுவது இதுவே. 1520-இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் மார்ட்டின் லூத்தர் இத்தகைய கடிதங்களைக் கடிந்துரைத்தார். தாங்கள் மதியாத உபவாசத்தைப் பிறர்மேல் சுமத்தி, பின்னர் அதிலிருந்து விடுதலையைக் காசுக்கு விற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பண்டிகையை வணிகமாக்கியவர்கள் கடைக்காரர் மட்டுமல்லர் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

சீர்திருத்தம் சந்தையை ஒழிக்கவில்லை. அதற்கு வேறு பெயரிட்டது. பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கும் நாளாக டிசம்பர் 6-ஆம் நாளாகிய புனித நிக்கொலாசு திருநாள் இருந்தது. புனிதர் வணக்கத்தை ஏற்காத சீர்திருத்தச் சபைகள் அவ்வழக்கத்தைக் கிறிஸ்து பிறப்பு நாளுக்கு மாற்றி, பரிசளிப்பவர் குழந்தை கிறிஸ்துவே என்று கற்பித்தன. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் போதகர் யோகானஸ் பிளின்னர் நிக்கொலாசு வழக்கத்திற்கெதிராகப் பிரசங்கித்ததைத் தொடர்ந்து, 1570-இல் நகரசபை நிக்கொலாசு சந்தையை நீக்கி, 'கிறிஸ்து குழந்தைச் சந்தை'யை ஏற்படுத்திற்று. நியூரம்பர்க் சந்தையைப்பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, 1628 என்ற ஆண்டும் அச்சந்தையின் பெயரும் எழுதப்பட்ட ஒரு சிறு மரப்பெட்டி. இறையியல் தர்க்கம் ஒன்று சந்தையின் பெயர்ப்பலகையில் நிலைபெற்றது.

ஆனால் இம்மாற்றத்தின் முடிவு அதைத் தொடங்கியவர்கள் எதிர்பாராதது. நியூரம்பர்க்கில் இன்று சந்தையைத் திறந்துவைக்கும் 'கிறிஸ்து குழந்தை', பொற்கூந்தலும் கிரீடமும் அணிந்து தேவதூதனைப் போல் விளங்கும் ஓர் இளம்பெண். புனிதரை அகற்றி ஆண்டவரை நிறுத்த முயன்றவர்களின் பேரப்பிள்ளைகள், முன்னணையில் கிடந்த மாம்சமான குழந்தையின் இடத்தில் உடலற்ற ஒரு தேவதையை வைத்துவிட்டனர். கற்பனை அழகானதே, எனினும் வார்த்தை மாம்சமாயிற்று என்ற போதனைக்கு அது நெடுந்தொலைவில் நிற்கிறது.

2. விளக்குகளின் பின்னணி

இன்று சந்தையில் நாம் காணும் அலங்காரப் பொருள்கள் பலவற்றின் தோற்றம் செல்வத்தில் அன்று, வறுமையிலும் பிரிவிலும் உள்ளது. சாக்சனிக்கும் பொகீமியாவுக்கும் இடையிலுள்ள எர்ட்ஸ் மலைப்பகுதி வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி விடியுமுன் பூமிக்குள் இறங்கி, இருட்டியபின் வெளியே வருவான். பகலொளியை ஞாயிறன்று மட்டுமே காண்பான். அப்பகுதி வீடுகளின் சன்னல்களில் விளக்கு வைக்கும் வழக்கமும், மெழுகுதிரி ஏந்திய சுரங்கத் தொழிலாளி, தேவதூதன் உருவங்களும், வில் வடிவ விளக்குத் தண்டும் இந்த ஒளிப்பசியோடு பிணைந்தவை. சுரங்கங்கள் வற்றத் தொடங்கியபோது, சைபென் போன்ற சிற்றூர்களின் மக்கள் மரப்பொம்மை செய்து பிழைத்தனர். குடும்பம் முழுவதும், சிறு பிள்ளைகள் உட்பட, அற்பக் கூலிக்கு நெடுநேரம் உழைத்த பொம்மைகளே நகரத்துப் பிள்ளைகளின் கைகளில் பண்டிகைப் பரிசாகத் தவழ்ந்தன.

டிரெஸ்டன் சந்தையில், உலர்ந்த பிளம் பழங்களைக் குச்சியில் கோத்துச் செய்த மனித உருவம் ஒன்று விற்கப்படும். புகைபோக்கிகளுக்குள் இறக்கப்பட்டுக் கரி துடைத்த ஏழைச் சிறுவர்களின் உருவம் அது. அதைச் சந்தையில் விற்றவர்களும் ஏழைப் பிள்ளைகளே. பனியில் நின்று அவ்வுருவங்களை விற்கும் இரு பிள்ளைகளை ஓவியர் லூட்விக் ரிக்டர் 1853-இல் மரச்செதுக்குப் படமாக்கினார். அப்படம் இன்று இனிய பழங்காலக் காட்சியாகப் போற்றப்படுகிறது. அதில் நடுங்கும் பிள்ளைகளைக் காண்பதற்குச் சற்று உற்றுநோக்க வேண்டும்.

திருவருகைக் கால மெழுகுதிரி வளையமும் இவ்வாறே தோன்றிற்று. ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய போதகர் யோகான் ஹின்ரிக் விக்கர்ன், பண்டிகை எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்ட அப்பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு பெரிய மரவளையத்தில் வார நாள்களுக்குச் சிறு மெழுகுதிரிகளும், ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுதிரிகளும் பொருத்தி, நாளுக்கொன்றாக ஏற்றினார். மொரேவிய சகோதரரின் ஹெர்ன்ஹுட் நட்சத்திரமோ அச்சபையினரின் விடுதிப் பள்ளிகளில் பிறந்தது. பெற்றோர் தொலைநாடுகளில் அருட்பணி புரிய, பிள்ளைகள் விடுதியில் தனித்திருந்து, திருவருகைக் காலத்தில் காகித நட்சத்திரம் செய்தனர். தரங்கம்பாடியிலும் 1760 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் இச்சகோதரர்கள் குடியிருந்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1897 முதல் ஹெர்ன்ஹுட்டில் இந்நட்சத்திரம் விற்பனைப் பொருளாகச் செய்யப்படுகிறது.

இவற்றையெல்லாம் சந்தை விற்கிறது, உண்மையே. ஆயினும் இவற்றை முதலில் உருவாக்கியவை பிழைப்புத் தேடலும், காத்திருப்பும், பிரிவின் ஏக்கமுமாகும். பொருளை வாங்குகிறவனுக்கு அதன் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பது போதகரின் பணியன்றோ?

3. லைப்சிக்கின் மௌனமும் முரசும்

இனி இசைக்கு வருவோம். லைப்சிக் நகரின் புனித தோமா ஆலயப் பாடகர் குழு 1212-ஆம் ஆண்டில் தோற்றம் பெற்றது. 1723 முதல் 1750-இல் தாம் இறக்கும்வரை அதன் தலைமை இசையாசிரியராக இருந்தவர் யோகான் செபஸ்தியான் பாக். நகரின் தலைமை ஆலயங்களில் ஞாயிறுதோறும் அவரது இசை முழங்கியது எனினும், ஆண்டில் சில வாரங்கள் அது நிறுத்தப்பட்டது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று காண்டாட்டா எனும் பேரிசை உண்டு. இரண்டாம், மூன்றாம், நான்காம் ஞாயிறுகளில் இல்லை. பிடிலும் எக்காளமும் முரசும் ஓய்ந்திருக்க, சபையார் தங்கள் ஞானப்பாட்டுகளைப் பாடிக் காத்திருந்தனர். கிறிஸ்து பிறப்பு நாள் காலையில்தான் அம்மௌனம் கலையும். இன்றைய சந்தையில் நவம்பர் இறுதியிலிருந்தே ஒலிபெருக்கிகள் பிறப்புப் பாடல்களை முழக்குவதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. அன்றைய இசைக்கு வலிமை தந்தவற்றுள் ஒன்று, அதற்கு முன்னிருந்த மௌனமாகும்.

1734-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அம்மௌனத்தைக் கலைத்தது முரசொலி. அன்று தொடங்கிய 'கிறிஸ்மஸ் ஓரட்டோரியோ' ஆறு பகுதிகளைக் கொண்டது. டிசம்பர் 25, 26, 27, புத்தாண்டு நாள், அதனையடுத்த ஞாயிறாகிய ஜனவரி 2, பிரசன்னத் திருநாளாகிய ஜனவரி 6 என்னும் ஆறு நாள்களில் அவை ஆராதனைகளில் இசைக்கப்பட்டன. ஆறு பகுதிகளும் முழுமையாக ஒலித்தது புனித நிக்கொலாசு ஆலயத்தில் மட்டுமே. தோமா ஆலயத்தில் நான்கு பகுதிகள் இசைக்கப்பட்டன. சபையார் கையில் வைத்துப் பின்பற்றுவதற்கென அதன் சொற்கள் சிறுநூலாக அச்சிடப்பட்டன. இவ்வாறு இது கச்சேரிக்காக அன்று, திருமறைப் பகுதியும் பிரசங்கமும் ஜெபமும் சூழ்ந்த ஆராதனைக்காகவே அமைக்கப்பட்டது.

ஆனால் அந்த முரசுகள் முதலில் முழங்கியது ஆலயத்திலன்று. 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், சாக்சனி அரசி மரியா யோசேபாவின் பிறந்தநாளுக்காகப் பாக் இயற்றிய வாழ்த்திசையின் தொடக்கமே, ஓராண்டு கழித்து ஓரட்டோரியோவின் தொடக்கமாயிற்று. அந்த வாழ்த்திசை அரங்கேறிய இடம் ஒரு காப்பிக்கடை. சிம்மர்மன் என்பாரின் கடையில் பாக்கின் இசைக்குழு தவறாமல் இசை வழங்கிவந்தது. மற்றொரு சான்று இதனினும் வியப்புக்குரியது. பதினொரு வயது இளவரசரின் பிறந்தநாளுக்காக 1733 செப்டம்பரில் இயற்றப்பட்ட இசைநாடகத்தில், இளமையான ஹெர்க்குலிசை நெறிதவறச் செய்யச் சிற்றின்பம் என்னும் பாத்திரம் ஒரு தாலாட்டுப் பாடுகிறது. அதே பண்ணைப் பாக் ஓரட்டோரியோவின் இரண்டாம் பகுதியில் குழந்தை இயேசுவுக்கான தாலாட்டாக்கினார். சோதனைக்காரியின் பாட்டு முன்னணையின் பாட்டாயிற்று.

இதனை நேரக்குறைவால் செய்த சிக்கனம் என்று கூறுவோர் உளர். பொழுதும் உழைப்பும் அருமையானவை என்பது உண்மையே. ஒரே நாளுக்கென இயற்றி மறக்கப்படவிருந்த இசையை ஆண்டுதோறும் பயன்படும் இடத்தில் வைப்பது ஒரு தொழிலாளியின் விவேகமுங்கூட. எனினும் அக்காலத்து லூத்தரன் இசைஞர், இசை முழுவதும் கடவுளின் கொடை என்று நம்பினர். உலகுக்கு ஓர் இசை, ஆலயத்துக்கு வேறோர் இசை என்று அவர்கள் கடுமையான எல்லை வகுக்கவில்லை. அரசிக்குரிய முரசும் எக்காளமும் மாட்டுக்கொட்டிலில் பிறந்தவருக்குச் செலுத்தப்பட்டபோது, யார் அரசர் என்ற வினாவும் உடன் எழுந்தது.

நம் தமிழ்த் திருச்சபைக்கு இது புதிதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், தெய்வங்களையும் மன்னர்களையும் பாட்டுடைத் தலைவர்களாகக் கொண்டு காதற்சுவையோடு ஆடப்பெற்ற குறவஞ்சியை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' ஆக்கினார். அவரோடு சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்த சரபோஜி மன்னரைத் தலைவராக்கி மற்றொரு குறவஞ்சி தஞ்சையில் பாடப்பட்டது. அரண்மனையின் வடிவம் பெத்லகேமுக்கு உரியதாயிற்று. லைப்சிக்கில் பாக் செய்ததையும் தஞ்சையில் சாஸ்திரியார் செய்ததையும் ஒருங்கே வைத்துக் கற்கும் மாணவர், ஆலய இசை எது என்ற வழக்கில் அவசரத் தீர்ப்புக் கூறார்.

ஓரட்டோரியோவில் மற்றொரு நுட்பமும் உண்டு. முதற்பகுதியில், வருகிறவரை எவ்வாறு ஏற்பேன் என்று வினவும் பவுல் கெர்ஹார்ட்டின் பாமாலை வருகிறது. அதற்குப் பாக் அமைத்த மெட்டு, முட்கிரீடம் சூடிய தலையைப்பற்றிய அவரது பாடுகளின் பாமாலைக்கும் உரிய மெட்டே. ஆறாம் பகுதியின் இறுதியில் அதே மெட்டு எக்காளங்களோடு வெற்றிமுழக்கமாகத் திரும்புகிறது. அம்மெட்டு அக்காலத்தில் வேறு பாமாலைகளுக்கும் பயன்பட்டமையால், அது சிலுவையை மட்டுமே நினைவூட்டியது என வற்புறுத்தலாகாது என்று இசை வரலாற்றாசிரியர் சிலர் எச்சரிப்பர். அந்த எச்சரிக்கை ஏற்கத்தக்கதே. எனினும் புனித வெள்ளிதோறும் அம்மெட்டைப் பாடும் நமக்கு, முன்னணைக்கும் சிலுவைக்கும் இடையிலுள்ள தொடர்பை அது உணர்த்தாமற் போவதில்லை. அம்மெட்டோ 1601-இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் வெளியிட்ட ஒரு காதற்பாட்டினுடையது என்பதையும் மறத்தலாகாது.

4. துணிக்கிடங்கில் ஓர் இசைமன்றம்

லைப்சிக் வணிகர் நகரம். 1743-இல் அந்நகரப் பிரமுகரும் வணிகரும் பதினாறு பேர் கூடிப் பதினாறு இசைஞரை அமர்த்தி, கச்சேரிக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். 1781-இல் துணி வணிகரின் மாளிகையாகிய கெவாண்ட்ஹவுசின் மேல்தளத்தில் அதற்கு ஒரு மன்றம் அமைந்தது. துணிமாளிகையின் பெயரே இசைக்குழுவின் பெயராயிற்று. மெய்யான மகிழ்ச்சி விளையாட்டான காரியமன்று என்ற கருத்துடைய, செனெக்காவின் வாக்கு அம்மன்றத்தில் பொறிக்கப்பட்டது. மன்னர் அவையிலும் ஆலயத்திலும் ஒலித்த இசை, நுழைவுச்சீட்டு வாங்கியவர் அமைதியாக அமர்ந்து கேட்கும் பொருளாயிற்று.

இதனால் ஒன்று இழக்கப்பட்டது, ஒன்று காக்கப்பட்டது. பாக்கின் இசை ஆராதனையிலிருந்து பெரும்பாலும் மறைந்தபின், அதை மீட்டது கச்சேரி மன்றமே. பெலிக்ஸ் மெண்டல்சன் தம் இருபதாம் வயதில், 1829-இல், பெர்லினில் மத்தேயு பாடுகளை மீண்டும் அரங்கேற்றினார். ஓரட்டோரியோ முழுவதும் மறுபடி ஒலித்தது 1857-இல், அதே நகரின் பாடற்கழகத்தில். திருச்சபை மறந்ததைக் கச்சேரி மன்றம் நினைவில் வைத்தது. ஆனால் பதின்மூன்று நாள்களில் பகிர்ந்து கேட்கவேண்டிய செய்தி ஒரே மாலையில், கிறிஸ்து பிறப்புக்கு முன்னரே, கேட்டு முடிக்கப்படும் வழக்கமும் உடன் வந்தது.

இசை மட்டும் ஒரு சமூகத்தைக் காத்துவிடாது என்பதற்கும் லைப்சிக் சாட்சி. யூதக் குடும்பத்தில் பிறந்து சீர்திருத்த (ரிஃபார்ம்ட்) திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற மெண்டல்சன், 1835 முதல் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்தி, 1843-இல் தோமா ஆலயத்தருகே பாக்குக்கு நினைவுச்சின்னமும் எழுப்பினார். அவருக்கு அந்நகர் எழுப்பிய சிலையை 1936 நவம்பரில் நாசிகள் இரவோடிரவாக அகற்றினர். எதிர்த்துப் பதவி விலகிய நகரத் தலைவர் கார்ல் கோர்டலர், பின்னர் ஹிட்லருக்கெதிரான முயற்சியில் ஈடுபட்டு 1945-இல் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டுகளிலும் டிசம்பரில் ஓரட்டோரியோ பாடப்பட்டது. 2008-இல்தான் சிலையின் மறுபடிவம் தோமா ஆலயத்தருகே நிறுவப்பட்டது.

எனினும் மறுபக்கமும் உண்டு. 1982 முதல் நிக்கொலாசு ஆலயத்தில் திங்கள்தோறும் சமாதான ஜெபம் நடைபெற்றது. 1989 அக்டோபர் 9 அன்று, ஆலயங்களிலிருந்து வெளிவந்தவரோடு சேர்ந்து ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் மெழுகுதிரி ஏந்தி நகரைச் சுற்றி நடந்தனர். வன்முறை வேண்டாம் என்ற வேண்டுகோளை நகர ஒலிபெருக்கிகளில் வாசித்தவர் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் தலைவர் குர்ட் மசூர். அதனை வகுத்த அறுவருள் ஓர் இறையியலாளரும் இருந்தார். துப்பாக்கிச் சூடு நிகழவில்லை. ஆலயமும் இசைமன்றமும் வீதிக்கு இறங்கிவந்த நாள் அது.

5. சதுக்கத்தின் நினைவு

நியூரம்பர்க் சந்தை கூடும் முதன்மைச் சதுக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. விளக்கொளியில் அது எளிதில் தெரிவதில்லை. அவ்விடம் யூதர் குடியிருப்பாக இருந்தது. பேரரசர் நான்காம் சார்லஸ் அவர்கள் வீடுகளை இடிக்க இசைவளித்தபின், 1349 டிசம்பர் 5-ஆம் நாள் குறைந்தது 562 யூதர் கொல்லப்பட்டனர். அவர்களது ஜெப ஆலயம் நின்ற இடத்தில் மரியன்னை ஆலயம் எழுப்பப்பட்டது. அந்த ஆலயத்தின் மாடியிலிருந்துதான் இன்று 'கிறிஸ்து குழந்தை' சந்தையைத் திறந்துவைக்கிறது. கொலை நிகழ்ந்த நாள் நிக்கொலாசு திருநாளின் முந்திய நாள், திருவருகைக் காலம். யூதக் குழந்தையின் பிறப்பைக் கொண்டாட ஆயத்தமான கிறிஸ்தவரே யூதக் குழந்தைகளைத் தீக்கிரையாக்கினர்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒதுக்குப்புறங்களுக்குத் தள்ளப்பட்டிருந்த இச்சந்தையை 1933-இல் முதன்மைச் சதுக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து, தொடக்க விழாவுக்குப் பொலிவூட்டியவர்கள் நாசிகளே. பழமையின் இனிமையை ஓர் அரசியல் தன் முகமூடியாக அணிந்தது. போரில் நகரம் அழிந்தது. 1948-இல் இடிபாடுகளுக்கிடையே சந்தை மீண்டும் கூடியது. 2019-இல், இந்தியத் தந்தைக்குப் பிறந்த பதினேழு வயது மாணவி ஒருவர் 'கிறிஸ்து குழந்தை'யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, ஓர் அரசியல் கட்சியின் உள்ளூர்க் கிளை அவரது நிறத்தையும் பிறப்பையும் சுட்டி இழிவாக எழுதியது. நாடெங்கும் கண்டனம் எழ, அப்பதிவு அகற்றப்பட்டது. மாணவி தம் பணியைச் செய்தார். கிறிஸ்து குழந்தை யாருக்குச் சொந்தம் என்ற பழைய வினா இன்னும் ஓயவில்லை.

டிரெஸ்டன் சந்தை கூடும் ஆல்ட்மார்க்ட் சதுக்கத்தில், 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சுக்குப்பின் 6,865 உடல்கள் எரிக்கப்பட்டன. அதன் அருகிலுள்ள சிலுவை ஆலயத்தின் பாடகர் சிறுவர் பதினொருவரும் அத்தாக்குதலில் மாண்டனர். அவர்களது இசையாசிரியர் ருடோல்ப் மவர்ஸ்பெர்கர், எரேமியாவின் புலம்பலிலிருந்து சொற்களைத் தெரிந்தெடுத்து ஒரு பாடலை இயற்ற, அவ்வாண்டு ஆகஸ்டில் எரிந்துபோன அந்த ஆலயத்திலேயே அது பாடப்பட்டது. நம் காலத்திலும் 2016 டிசம்பர் 19-இல் பெர்லினிலும், 2024 டிசம்பர் 20-இல் மக்டேபர்கிலும் சந்தைக் கூட்டத்தின்மீது வாகனம் ஏற்றப்பட்டு மக்கள் மாண்டனர். பெர்லினில் இறந்தோரின் பெயர்கள் ஆலயத்தருகே படிக்கட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. இச்சதுக்கங்களில் மகிழ்வோர், புலம்பலின்மீது நின்றே மகிழ்கின்றனர்.

6. நாம் கொள்ளத்தக்கவை

லைப்சிக் நமக்கு அயலூரன்று. 1836-இல் டிரெஸ்டனில் தொடங்கிய அருட்பணிச் சங்கம், தன் ஊழியர் பல்கலைக்கழகக் கல்வி பெறவேண்டும் என்று கருதி 1848-இல் லைப்சிக்குக்கு மாறிற்று. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரையிலான பயணத்தில் தமிழகத்தில் தங்கித் தமிழ் கற்று, 1856-இல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அச்சங்கத்தின் உழைப்பிலிருந்து 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. அவர்கள் மொழியின் ஞானப்பாட்டுகளும் இங்கு வந்து தமிழில் பாடப்படுகின்றன. எனவே அந்நகரின் வரலாற்றைக் கற்பது வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

போதகரும் மாணவரும் இவ்வரலாற்றிலிருந்து மூன்றினை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, காத்திருத்தல். பிறப்புப் பாடலைத் திருவருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே பாடித் தீர்க்கும் சபை, பண்டிகை நாளில் பாடுவதற்கு என்ன வைத்திருக்கும்? சில ஞாயிறுகளேனும் பேரிசையை அடக்கிவைத்துப் பார்க்கலாம். இரண்டாவது, சந்தையைச் சபிப்பதைவிட, அதில் பனியில் நிற்கும் பிள்ளையைக் காண்பது. பொருளைச் செய்தவர் யார், அவர் பெற்ற கூலி என்ன என்ற கேள்வி பிரசங்கத்தில் இடம்பெறத் தகுந்ததே. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு லூத்தரன் மரபு வைத்துள்ள நற்செய்திப் பகுதி ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைவதாகும். மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில் அதைத் தொடர்ந்து வருவது ஆலயத்தில் காசுக்காரரின் பலகைகள் கவிழ்க்கப்படுதல். அவர் கவிழ்த்தது ஊர்ச் சந்தையையன்று, ஆலயத்திற்குள் நடந்த வாணிபத்தை என்பதைக் கவனித்தல் வேண்டும். வெண்ணெய்க் கடிதம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பது அப்போது விளங்கும். மூன்றாவது, நினைவு. நம் ஊர்களிலும் பண்டிகை கூடும் தெருக்களுக்கு வரலாறு உண்டு. யார் அங்கு நுழைய முடியாதிருந்தனர், யாருடைய வீடு எரிந்தது என்பதை அறியாமல் நட்சத்திரம் கட்டுவது எளிது. அறிந்தபின் கட்டுவதே நற்செய்தி.

இறுதியாக ஒன்று. பெரும்பாலான கிறிஸ்மஸ் சந்தைகள் டிசம்பர் 23 அல்லது 24-ஆம் நாள் முடிகின்றன. கடைக்காரர் பலகைகளைக் கழற்றி வண்டியில் ஏற்ற, சதுக்கம் வெறுமையாகிறது. பாக்கின் முரசு ஒலித்ததோ 25-ஆம் நாள் காலையில். ஜனவரி 6 வரை அது ஓயவில்லை. சந்தைக்குப் பண்டிகை முடிந்த இடத்தில் திருச்சபைக்குப் பண்டிகை தொடங்குகிறது. கூட்டம் கலைந்தபின், விளக்குகள் அணைந்தபின், குளிரில் இன்னும் நிற்பவர்களுக்குச் சொல்வதற்கென்று ஒரு செய்தி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அதைச் சொல்ல அந்தப் பதின்மூன்று நாள்கள் நமக்கு உண்டு.